பேய் பேசும் மொழி: ஒரு திகில் கதையும் அதன் பெயர்ப்புகளும்

திகில் திரைப்படங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒளியமைப்பு, பின்னணி இசை, படத்தொகுப்பு ஆகியவற்றையே கருத்திற் கொள்கின்றனர். அச்சத்தை உண்டாக்குவதில் மொழிக்குள்ள பங்கு அரிதாகவே பேசப்படுகிறது. பாசில் இயக்கத்தில் 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழு’ என்னும் மலையாளப் படம் 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டது. அதனையொட்டி அப்படத்தையும் அதன் மறுஆக்கங்கள் சிலவற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, இவ்வகைப் படங்களில் ஈடுபாடுடைய பார்வையாளன் என்ற நிலையிலும் மொழியியல் பயில்பவன் என்ற நிலையிலும் தோன்றிய கருத்துகள் சில ஈண்டுத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

மது முட்டம் எழுதிய இக்கதையில் உண்மையில் பேய் இல்லை. கணவனின் பழைய குடும்ப வீட்டில் வந்து தங்கும் கங்கை, அங்கு முன்னொரு காலத்தில் கொலையுண்ட தஞ்சாவூர் நடனப்பெண் நாகவல்லியாகத் தன்னை உணரத் தொடங்குகிறாள். இது மனநோய் என்று படமே விளக்கிவிடுகிறது. ஆகவே நாகவல்லி என ஒருத்தி ‘இருக்கிறாள்’ என்பதற்கு முதன்மைச் சான்றாக நிற்பது மொழியே எனலாம். கணவனை ‘நகுலேட்டன்’ என்று முறைப்பெயரால் விளித்து மலையாளம் பேசுபவள், ஓர் உரையாடலின் நடுவே தமிழுக்குத் தாவுகிறாள். முறைப்பெயர் மறைகிறது, ‘நீ’ வருகிறது. மொழித்தாவலும் விளிமாற்றமும் ஒருங்கே நிகழும் இவ்விடமே படத்தின் அச்ச உச்சம்.

குரலும் இங்கு இரண்டாகிறது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த இவ்வேடத்தில், கங்கைக்குப் பாக்கியலட்சுமியும் நாகவல்லிக்குத் தமிழ்க் குரற்கலைஞர் துர்காவும் குரல் கொடுத்துள்ளனர். பின்னவரின் பங்கு 2016-இல் பாசில் எழுதிய பிறகே பரவலாக அறியப்பட்டது. பேயின் மொழியைப் பேசியவர் இரண்டு பதிற்றாண்டுகளுக்கும் மேலாக மறைந்திருந்தமை, மொழிபெயர்ப்பாளருக்குப் பழக்கமான நிலையே.

அச்சம் எவ்வாறு பிறக்கிறது? மலையாளப் பார்வையாளருக்குத் தமிழ் முற்றிலும் அயல்மொழி அன்று. முற்றிலும் புரிவதும் அன்று. கோபம் புரிகிறது, சில சொற்கள் பிடிபடுகின்றன, எஞ்சியவை நழுவுகின்றன. முழுதும் புரியும் பேச்சு வெறும் சண்டையாக முடியும். சிறிதும் புரியாத பேச்சு வெறும் ஓசையாக நிற்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அரைகுறைப் புரிதலே இங்கு அச்சத்தின் விளைநிலம். எனவே இக்கதையைப் பெயர்ப்பவர் முதலில் காக்க வேண்டியது இரு மொழிகளுக்கு இடையிலுள்ள தொலைவு. வசனத்தின் பொருள் அதற்கு அடுத்த நிலையினதே.

மறுஆக்கம் செய்தோர் இதனை உணர்ந்திருந்தனர் என்பது அவர்தம் தேர்வுகளால் புலனாகிறது. பி. வாசு இயக்கிய கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) நடனப்பெண்ணின் மொழி தெலுங்காயிற்று. பிரியதர்ஷனின் இந்திப் படமான ‘பூல் புலையா’வில் (2007) அது வங்காளமாயிற்று. ஒவ்வொரு மொழியும் தன் அண்டை மொழியொன்றைத் தேர்ந்துகொண்டது. தமிழருக்குத் தெலுங்கு பொருத்தமாக அமைந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தஞ்சை நாயக்கர், மராட்டியர் அவைகளில் தெலுங்கு ஆடலுக்கும் இசைக்கும் உரிய மொழியாக வழங்கிற்று. இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. பொருள் முழுதும் அறியாமலே செவிக்குப் பழகிப்போன மொழி அது.

இவ்வுறவின் இன்றியமையாமையை ‘சந்திரமுகி’யின் தெலுங்கு ஒலிமாற்றுப் படி தெளிவாக்குகிறது. எல்லோரும் தெலுங்கு பேசும் படத்தில் பேயும் தெலுங்கு பேசினால் வேறுபாடு அழிந்துவிடும். ஆகவே தமிழ்ப் படத்தில் தெலுங்கில் அமைந்திருந்த உச்சகட்டப் பாடல், தெலுங்குப் படியில் தமிழில் அமைக்கப்பட்டது. இரு மொழிகளும் இடம் மாறிக்கொண்டன; தொலைவு காக்கப்பட்டது. ஒலிமாற்றுப் பணியில் இதனை ஒரு முன்மாதிரியாகவே கொள்ளலாம்.

மூலப்படத்தைத் தமிழர் ஒருவர் பார்க்கையில் விளைவு தலைகீழாகிறது என்பதும் கருதத்தக்கது. அவருக்கு வீட்டார் பேசுவது அயல்மொழி. நாகவல்லி ஒருத்தியே தாய்மொழியில் பேசுகிறாள். அச்சம் குறைந்து இரக்கம் மேலோங்குகிறது. தன் மொழி வழங்காத நாட்டிற்கு அதிகாரமுடையவனால் கொண்டுவரப்பட்டு, அங்கேயே கொல்லப்பட்ட பெண்ணின் தனிமை அப்போதுதான் முழுமையாகக் கேட்கிறது. கதையின் அறம் இங்குதான் தங்கியுள்ளது. அண்டை மொழியைப் பேயின் வாயில் வைப்பது அம்மொழியாளர்மீது வெறுப்பை வளர்க்குமோ என்னும் ஐயம் எழலாம். இக்கதையில் அநீதிக்கு உள்ளானவளே அம்மொழியைப் பேசுகிறாள். அஞ்சத்தக்கவன் அவளைக் கொன்ற வீட்டுத்தலைவன். மொழி வேறுபாடு மங்கினால் அவள் வெறும் பேயாகச் சுருங்கிவிடுவாள்.

அவ்வாறு சுருங்கும் இடம் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளாகும். மலையாளத்தையும் தமிழையும் ஒரே ஆங்கிலத்தில், ஒரே எழுத்துருவில் தரும்போது, இவ்விரு மொழிகளையும் பிரித்தறியாத பார்வையாளர் தாவல் நிகழ்ந்ததையே அறியமாட்டார். நடிப்பும் குரலும் மட்டுமே அவருக்கு எஞ்சுகின்றன. மாறிய மொழியின் பெயரை ஒருமுறை குறித்தல், அம்மொழிப் பகுதிக்குச் சாய்வெழுத்தைக் கையாளுதல், விளிச்சொற்களைப் பெயர்க்காமல் ஒலிபெயர்த்துத் தருதல் ஆகிய மூன்றும் எளிய வழிகளே. மொழித்தாவல் வசனத்தின் ஒரு பகுதி எனக் கொண்டால், அதனைப் பெயர்க்காது விடுவதும் ஒரு வரியை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.