கத்திக்கு முன் ஒரு கண்ணாடி

தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையைப் பார்க்கலாம். அந்தப் புத்தூர் திருப்பதிக்குத் தெற்கே, சென்னைச் சாலையில் இருக்கும் பழைய சித்தூர் மாவட்டத்து ஊர். முட்டையின் வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பத்தை, துணிக்கட்டு, இவ்வளவுதான் அங்கே வைத்தியம். எலும்பு முறிந்தவர்களை அங்கே அனுப்புவது செலவுக் கவலை மட்டுமல்ல, கத்திப் பயமும்தான். “ஆபரேஷன் பண்ணணும்” என்று டாக்டர் சொன்ன மறுநிமிடமே வண்டியைப் புத்தூருக்குத் திருப்பிய குடும்பங்கள் உண்டு.

அந்தப் பயத்தை மெய்நிகர் கண்ணாடியால் தணிக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். நோயாளியின் கண்ணை மூடிக்கொள்ளும் கருவிக்குள் கடற்கரையோ காடோ விரிகிறது. தியானத்தைப் போல, மூச்சைக் கவனிக்கச் சொல்லி ஒரு குரல் மெல்ல வழிநடத்துகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985இல் தொடங்கிய ‘பர்ட்’ எலும்பு மருத்துவமனை போன்ற இடங்களில் இதன் தேவை எளிதில் புரியும். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு மூட்டு மாற்றும்போது, மயக்க மருந்து சேர்த்துத் தராவிட்டால், நோயாளி விழித்தே இருப்பார். வலி தெரியாது, ஆனால் ரம்பமும் சுத்தியலும் காதில் விழும்.

இந்த முறையின் பலம் வெறும் விளம்பரமல்ல. 1996இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹண்டர் ஹாஃப்மேனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களிடம் இதைத் தொடங்கினார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகள் ‘ஸ்நோ வேர்ல்ட்’ என்ற பனி உலகில் பனிப்பந்து எறிந்தார்கள். வலி குறைந்ததாகச் சொன்னார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும். அதில் பெரும்பங்கைப் பனி உலகம் இழுத்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஹாஃப்மேன் குழு 2004இல் வெளியிட்ட மூளைப் படங்களிலும் வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. தூக்க மருந்தைப் போல இது மூச்சை அடக்குவதுமில்லை. வயதானவர்களுக்கு அது பெரிய நன்மை.

ஆனால் பனிப்பந்து எறிவது தியானமல்ல. ஒன்று வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது; மற்றது வலியை விலகாமல் பார்க்கச் சொல்கிறது. மருத்துவமனைக்குள் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற தியான முறையைக் கொண்டுவந்த ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய பயிற்சி எட்டு வாரம் நீளும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் இருபது நிமிடத்தில் அது கைகூடாது. அங்கே கிடைப்பது இதமான திசைதிருப்பல். அதை அந்தப் பெயராலேயே அழைப்பதுதான் நேர்மை.

சோதனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். கண்ணாடி அணிந்தவருக்கோ அணிந்தது தெரியும். பயம் குறைந்ததா என்பதற்கும் பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்லே ஆதாரம். கண்ணாடி மாட்டிவிட வந்த நர்ஸ் பக்கத்தில் நின்று பேசியதால்கூடப் பயம் குறைந்திருக்கலாமே?

அரைக் கிலோ எடை, தலைசுற்றல், குமட்டல், வலிப்பு நோயாளிகளுக்குள்ள ஆபத்து, ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை, இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. மொழி அப்படியல்ல. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர்களான நகரியிலும் குப்பத்திலும் ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பாட்டியின் காதில் ஆங்கிலக் குரல் மூச்சை எண்ணச் சொன்னால், அது அவருக்கு இன்னொரு மிரட்சி.

என் முதன்மையான ஆட்சேபம் வேறு. அறுவைப் பயத்தில் பெரும்பகுதி தெரியாமையால் வருவது. கால் எப்போது உணர்வு பெறும், நடுவில் வலித்தால் யாரிடம் சொல்வது, வெளியே காத்திருக்கும் மகனுக்கு யார் தகவல் சொல்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கடற்கரைக் காட்சியில் பதில் இல்லை. கேட்க முடியாதபடி கண்ணையும் காதையும் மூடிவிட்டால், கருவி நோயாளிக்கு அல்ல, அவசரத்திலிருக்கும் மருத்துவமனைக்கே உதவுகிறது.

தீக்காயக் கட்டுக்கும், விழித்திருக்கும்போது நடக்கும் அறுவைகளுக்கும் கண்ணாடி வரட்டும். வலிமருந்தைக் குறைக்க அதைச் சாக்காக்க வேண்டாம். அறுவைக்கு முந்தைய நாள் மாலை மயக்கவியல் மருத்துவர் கட்டிலருகே பத்து நிமிடம் உட்கார்ந்து, நோயாளியின் மொழியிலேயே நாளை நடக்கப்போவதைச் சொல்லட்டும்.