ஹம்ஃப்ரிகஞ்சில் நிற்காத வண்டி

அந்தமான் குழுப் பயணங்களை 'வரலாற்றுச் சுற்றுலா' என்றே விற்கிறார்கள். அந்தப் பெயர் அவற்றுக்குப் பொருந்துமா? சென்னையிலிருந்து இருபத்திரண்டு பேராக, ஐந்து இரவு, ஆறு பகல் போய்வந்த பிறகு என் முடிவைச் சொல்கிறேன். சிறைக் காலத்தைக் காட்டுவதில் இந்தப் பயணம் தேறிவிடுகிறது. போர்க் காலத்தைக் காட்டுவதில் தேறவில்லை. தவறிய அந்தப் பகுதி கடினமானது என்பதால் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தேறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லுலார் சிறையை 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களாக ஏழு சிறகுகள். இன்று மிச்சம் மூன்று. ஒரு சிறகின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்த்தபடி இருப்பதால் ஒரு கைதி இன்னொருவரின் முகத்தைப் பார்க்க வழியில்லை. எங்கள் குழுவிலிருந்த எழுபது வயது அம்மா ஒருவர் ஓர் அறைக்குள் போய் நின்றுகொண்டார். கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட முயன்றார். தாழ்ப்பாளின் முனை பக்கத்துச் சுவரில் ஒரு மாடத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. தோள்வரை கம்பியில் அழுத்தியும் விரல் எட்டவில்லை. "எட்டாதும்மா, எட்டக்கூடாதுன்னுதானே கட்டியிருக்கான்" என்றார் அவர் கணவர். அம்மா பதில் சொல்லாமல் கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

செக்கைப் பார்த்ததும் பாதிப் பேர் வ.உ.சி. பெயரைச் சொன்னார்கள். அவர் இழுத்தது கோவைச் சிறையில் என்று ஒரு பெரியவர் திருத்தினார். பேச்சு அங்கிருந்து தண்டனைகள், குடும்பங்கள், மன்னிப்புக் கடிதங்கள் என்று நீண்டது. குழுவாகப் போவதன் பலன் இதுதான். தனியாகப் போனால் பலகையைப் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். உல்லாசப் பயணம் என்பதாலேயே நினைவிடங்களை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள் என்ற பழியை நான் ஏற்கவில்லை. தூக்குமேடைக் கொட்டகைக்குள் எங்கள் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை.

ஆனால் அதே கட்டடத்துக்கு இன்னொரு காலமும் உண்டு. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டின் நிலநடுக்கத்தில், வெள்ளை அதிகாரிகள் இருந்த ராஸ் தீவு சிதைந்திருந்தது. அந்த அதிகாரிகளில் பலர் போய்விட, ஊர்மக்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் அந்தச் சிறையில் அடைபட்டவர்கள் அவர்கள்தான்.

இந்திய சுதந்திரக் கழகத்தின் அந்தமான் கிளைக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் திவான் சிங். மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். உளவாளி என்ற சந்தேகத்தில் ஜப்பானியர் அவரைப் பிடித்துச் செல்லுலார் சிறையில் வைத்து வதைத்தார்கள். 1943 டிசம்பர் 29-ல் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்தார், மறுநாள் மூவண்ணக் கொடி ஏற்றினார். திவான் சிங் அப்போது அந்தச் சிறைக்குள்தான் கிடந்தார். சிறையைச் சுற்றிப் பார்த்த நேதாஜியின் கண்ணில் அந்தக் கைதிகள் படாதபடி ஜப்பானியர் பார்த்துக்கொண்டார்கள். 1944 ஜனவரி 14-ல் திவான் சிங் இறந்தார். ஜனவரி 30-ல், கொடி ஏறி ஒரே மாதத்தில், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். சுதந்திரக் கழகத்தைச் சேர்ந்தவர்களே அதில் பெரும்பாலோர்.

பிறகு நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் தீவுகளின் நிர்வாகியாக வந்தவர் ஒரு தமிழர், ஏ.டி. லோகநாதன். காவல்துறையை ஜப்பானியர் கடைசிவரை அவர் கையில் கொடுக்கவில்லை. பெயரளவில் தலைமை, கையில் கல்வித்துறை. உடல்நலம் கெட்டுத் திரும்பினார். தமிழ்க் குழு ஒன்றுக்கு இந்த ஊரில் சொல்ல வேண்டிய முதல் பெயர்களில் ஒன்று இது. எங்களை அழைத்துப்போன நிறுவனத்தின் வழிகாட்டி, நல்ல தமிழில் எவ்வளவோ சொன்னவர், இந்தப் பெயரை ஆறு நாளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஜப்பானியர் காலம் என்று எங்களுக்குக் காட்டியது பதுங்குகுழிகளை மட்டும்தான். ராஸ் தீவுத் துறையருகே ஒன்று, கார்பின்ஸ் கோவ் சாலையோரத்தில் சில. தடித்த காரைச் சுவர், கடலைப் பார்த்த ஒரு நீளத் துவாரம், உள்ளே ஈர வாடை. பிள்ளைகள் நுழைந்து எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். யார் யாரைச் சுட என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கத் தூண்டும் ஒரு வாக்கியம் வழிகாட்டியிடமும் இல்லை.

ஹாவ்லாக் இன்னும் மோசம். அந்தத் தீவுக்கு 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். ராதாநகர் கடற்கரையில் எங்களுக்கு ஒரு முழு மாலை கொடுத்தார்கள். வெண்மணல், தெளிந்த நீர், நானும் இறங்கிக் குளித்தேன். 1945 ஆகஸ்டில், முற்றுகையால் தீவுகளில் சோறு தீர்ந்துபோன நிலையில், உழைக்கப் பயன்படாதவர்கள் என்று ஜப்பானியர் தாங்கள் கருதிய நூற்றுக்கணக்கானோரைச் சாகுபடிக்கு என்று சொல்லிக் கப்பலேற்றி, இதே ஹாவ்லாக்கின் கரைக்கு எட்டத்தில் கடலில் தள்ளினார்கள். பலர் நீரிலேயே மூழ்கினர். கரையேறியவர்களில் பெரும்பாலோர் பட்டினியில் செத்தார்கள். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிப்பதற்கு முன் இதை எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். குளித்தது தவறில்லை. தெரியாமல் குளித்ததுதான் உறுத்துகிறது.

பயண ஏற்பாட்டாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள், சிறு பிள்ளைகள், கப்பல் நேரம் எல்லாவற்றையும் ஆறு நாளுக்குள் அடக்க வேண்டும். ஆனால் நேரமில்லை என்ற வாதம் ஹம்ஃப்ரிகஞ்சுக்குச் செல்லாது. அது வண்டூர் போகும் வழியிலேயே இருக்கிறது. பவளப்பாறை பார்க்க நாங்கள் வண்டூருக்குத்தான் போனோம். எங்கள் வேன் ஓட்டுநர், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்காமலே சொன்னார்: "பலிதான் வேதி இந்தப் பக்கந்தான் சார். உங்க புரோகிராம்ல இல்ல." ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

கொண்டாட வந்தவர்களுக்கு இவ்வளவு துயரம் எதற்கு என்பது இரண்டாவது வாதம். செல்லுலார் சிறையே அதற்குப் பதில். தூக்குக் கயிற்றைப் பார்க்கத் தாங்கிய குழு இதையும் தாங்கும்.

சிக்கல் வேறெங்கோ இருப்பதாக நினைக்கிறேன். வெள்ளைக்காரன் அடைத்தான், நம்மவர் கொடியேற்றினார் என்ற நேர்கோட்டில் கதை சொல்வது எளிது. நம் கொடியைத் துணைநின்று ஏற்றவைத்தவனே நம் ஆட்களைச் சுட்டான் என்று சேர்த்தால் கதை கோணுகிறது, நேதாஜியைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்று சொல்பவர் தயங்குகிறார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. எந்த அளவு ஆபத்தான கூட்டாளியோடு அவர் நடந்தார் என்று தெரிந்தால்தான் அவர் எடுத்த முடிவின் கனம் புரியும். அந்த 44 பேரில் பெரும்பாலோர் அவர் தலைமை தாங்கிய அமைப்பின் ஆட்கள். அவர்களை மறைத்து அவருக்கு மரியாதை செய்ய முடியாது. ராஸ் தீவுக்கு அவர் பெயர் வைத்தாயிற்று, போர்ட் பிளேருக்கே 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியது. பெயர்ப்பலகைகள் மாறிய வேகத்தில் பயண நிரல் ஒரு வரிகூட மாறவில்லை.

ஆகவே, இப்போதுள்ள வடிவில் இதை வரலாற்றுச் சுற்றுலா என்று சொல்லிப் பணம் வாங்குவது சரியல்ல. நல்ல கடற்கரைப் பயணம், அதோடு ஒரு சிறந்த சிறைக்கூடம், அவ்வளவுதான். மாற்றப் பெரிய செலவில்லை. செல்லுலாரை முதல் நாளே ஒளி ஒலிக் காட்சியோடு முடித்துவிடாமல், திவான் சிங்கின் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டும். வண்டூர் போகும் காலையில் ஹம்ஃப்ரிகஞ்சில் இருபது நிமிடம். ஹாவ்லாக் கப்பலில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்.

கடைசி நாள் மதியம் கடைத்தெருவுக்கு என்று ஒதுக்கிய நேரத்தில் நாங்கள் நான்கு பேர் ஆட்டோ பிடித்து ஹம்ஃப்ரிகஞ்ச் போனோம். தாழ்ப்பாளுக்குக் கை நீட்டிய அம்மாவும் வந்தார். நினைவிடத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரும்பும்போது ஆட்டோவில், "மத்தவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார்.