மெழுகுதிரி ஒளியும் ஓர் அரிய லென்சும்

பழைய கேமராக்களையும் கிடைத்தற்கரிய லென்சுகளையும் தேடிச் சேர்க்கும் நண்பர் ஒருவர், தம் இல்லத்தில் ஒரு திரைப்படம் பார்க்க என்னை அழைத்தார். தாக்கரேயின் புதினத்தைத் தழுவி ஸ்டான்லி குப்ரிக் இயக்கி, 1975-இல் வெளிவந்த 'பேரி லிண்டன்' அது. மெழுகுதிரி ஒளியில் ஒரு காட்சி தொடங்கியதுமே நண்பர் படத்தை நிறுத்தி, "பார்த்தீர்களா ஃபாதர், அந்த லென்ஸ்!" என்றார். இப்படி ஆறு முறை நிறுத்தினார். இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டையின்போது மட்டும் நிறுத்தவில்லை. காபி கொண்டுவர உள்ளே போயிருந்தார். இக்கட்டுரைக்குக் காரணம் அந்தக் காபிதான்.

நண்பரின் வியப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நாசாவின் விண்வெளிப் பணிக்கென ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கிய, 50 மி.மீ. பிளானர் எஃப் 0.7 என்னும் லென்ஸ் அது. எஃப் 1.4 லென்சைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடக்கூடியது. செய்யப்பட்டவை பத்தே என்பர். அவற்றுள் மூன்றைக் குப்ரிக் வாங்கினார். லென்சின் பின்முனை ஃபிலிமை ஏறத்தாழ ஒட்டியே நிற்க வேண்டியிருந்ததால், அதைப் பொருத்துவதற்காக மிட்செல் பி.என்.சி. கேமரா ஒன்றை எட் டிஜூலியோ குடைந்து மாற்றினார். அதன்பின் அக்கேமரா வேறு லென்சுகளுக்கு உதவாது என்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். "நல்ல கேமராவைப் பாழாக்கிவிட்டார்களே!" என்று நண்பர் வருந்தினார். எனக்கு அவ்வருத்தம் இல்லை. பெட்டிக்குள் பழுதின்றி உறங்குவதைவிட, ஒரு காட்சிக்காக வெட்டுப்படுவது கருவிக்கு இழுக்கன்று.

இந்த லென்சுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது தெளிவாகக் காட்டும் ஆழம் மிகக் குறைவு. முகம் சற்றே முன்னே நகர்ந்தாலும் உருவம் மங்கிவிடும். ஆதலால் நடிகர்கள் அசையாது அமர வேண்டியிருந்தது. குப்ரிக்கின் திறமை இங்கேதான் வெளிப்படுகிறது. சூதாட்ட மேசையில் பேரியும் லிண்டன் சீமாட்டியும் ஒருவரையொருவர் நோக்கும் காட்சியைப் பாருங்கள். பேச்சில்லை, அசைவில்லை, பொன்னிற ஒளியில் மாவு பூசிய முகங்கள். பட்டும் பதவியும் தவிர வேறொன்றும் அறியாத ஒரு சமுதாயம் உயிரோடு உறைந்துபோயிருப்பதை அந்த அசைவின்மையே சொல்லிவிடுகிறது. சேகரிப்போர் லென்சின் ஒளித்திறனைப் போற்றுகின்றனர். கலைஞனோ அதன் குறையைக் கொண்டே பொருள் படைத்தான். படம் உயிரற்ற ஓவியம்போல் குளிர்ந்திருக்கிறது என்று குறைகூறுவோர் உளர். இடைப்பகுதியின் நீளத்தைக் கருதினால் அதை நானும் ஓரளவு ஒப்புகிறேன். ஆனால் அக்குளிர்ச்சி இல்லையேல் இறுதிச் சண்டை நம்மைச் சுட்டிராது.

அச்சண்டை பகலில், புறாக்கள் அடையும் ஒரு பழைய கொட்டிலில் நடக்கிறது. அங்கே மெழுகுதிரியும் இல்லை, அந்த அரிய லென்சுக்கு வேலையும் இல்லை. மாற்றாந்தந்தை பேரியின்மீது தீராப் பகை கொண்ட இளைஞன் புலிங்டன் முதலில் சுட வேண்டியவன். ஆனால் அவன் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிடுகிறது. அச்சத்தால் குமட்டி வாந்தியெடுக்கிறான். அடுத்த முறை பேரியுடையது. ஆணவமும் சூழ்ச்சியுமாகவே வாழ்ந்த அந்த மனிதன், கொல்லும் உரிமை கைக்கு வந்த நேரத்தில் குண்டைத் தரையில் செலுத்துகிறான். படம் முழுவதிலும் அவன் எவ்வித ஆதாயமும் எண்ணாமல் செய்த செயல் இது ஒன்றே எனலாம். இளைஞனோ தனக்கு நிறைவில்லை என்று கூறி மீண்டும் சுடுகிறான். பேரி காலை இழக்கிறான்.

நண்பர் இரு கோப்பைகளுடன் திரும்பியபோது பேரி கீழே விழுந்து கிடந்தான். "எதையேனும் தவறவிட்டேனா?" என்றார். படத்தைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னேன். அம்முறை எதையும் நிறுத்தாமல் பார்த்தார். காபி ஆறிப்போயிற்று.