விருந்தாளிக்கு வீட்டில் பங்கில்லை

1835 நவம்பர் 9. லைப்சிக் நகரத்தின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கம். இசைக்குழுவை நடத்துபவர் அந்த ஆண்டுதான் அதன் பொறுப்பை ஏற்ற ஃபெலிக்ஸ் மெண்டல்சன். பியானோவின் முன் அமர்ந்திருப்பவர் 16 வயது கிளாரா வீக், பின்னாளில் கிளாரா ஷூமன் என்று உலகம் அறிந்தவர். அன்று அவர் வாசித்தது ஏ மைனர் பியானோ கான்சர்டோ. 13 வயதில் தொடங்கி அவரே எழுதியது.

கான்சர்டோ என்பது ஒற்றை வாத்தியமும் முழு இசைக்குழுவும் மோதியும் இணைந்தும் பேசிக்கொள்ளும் வடிவம். இன்றும் ரொமாண்டிக் கால இசைக்கான மாலை ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது: முதலில் ஒரு சிறிய துவக்க இசை, அடுத்து விருந்தினரின் கான்சர்டோ, இடைவேளை, பிறகு ஒரு பெரிய சிம்பொனி. விருந்தினர் வருவார், கைதட்டலும் பூங்கொத்தும் பெறுவார், போய்விடுவார். இசைக்குழு அங்கேயே இருக்கும்.

பெண்ணுக்கு இந்த அரங்கில் எளிதாகக் கிடைத்த இடம் அந்த விருந்தாளி நாற்காலி ஒன்றுதான். 1838இல் வியன்னாவில் கிளாராவுக்கு அரசவைக் கலைஞர் பட்டமே கொடுத்தார்கள். அதே நகரத்தில் 1842இல் தொடங்கப்பட்ட வியன்னா ஃபில்ஹார்மோனிக், ஒரு பெண்ணை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1997இல். பட்டத்துக்கும் உறுப்பினர் இடத்துக்கும் நடுவில் 159 ஆண்டுகள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 1982இல் முதல் பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. ஒரு மாலை வந்து வியக்கவைத்துவிட்டுப் போகிற பெண் யாருக்கும் தொந்தரவு இல்லை. கூடவே உட்கார்ந்து சம்பளமும் ஓட்டும் கேட்கிற பெண்தான் பிரச்சினை.

வாசிக்கிற பெண்ணுக்கே இப்படியென்றால், எழுதுகிற பெண்ணுக்கு? 1837இல், ராபர்ட் ஷூமன் தொடங்கிய இசை இதழில் கிளாராவின் கான்சர்டோ பற்றி ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் ராபர்ட் அல்ல, வேறொருவர். அவர் சொன்னதன் சாரம்: இது ஒரு பெண்மணியின் படைப்பு, ஆகவே விமர்சனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதைத் திட்டு என்று சொல்ல முடியாது, மரியாதை. வீட்டுக்கு வந்தவர் பாட்டில் குறை சொல்லக்கூடாது என்கிற நாகரிகம். தமிழில் எழுதும் பெண்களும் இந்த மரியாதையைக் கண்டிருக்கிறோம். துணிச்சலான குரல் என்று பாராட்டி, வரிகளுக்குள் இறங்காமலே கடந்துபோகும் மதிப்புரைகள் நமக்கு வாய்த்திருக்கின்றன. விமர்சிக்காமல் விடுவது என்றால் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விடுவது. எனவே இந்த கான்சர்டோவை நான் விமர்சிக்கப் போகிறேன்.

இசைக்குழு கம்பீரமாக, ஏறக்குறைய அணிவகுப்பு நடையில் தொடங்குகிறது. பியானோ தயங்கி நுழைவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. இத்தகைய முதல் பகுதிகளில் தொடக்கக் கருப்பொருள் கடைசியில் திரும்பி வந்து எல்லாவற்றையும் முடித்துவைப்பது வழக்கம். கிளாரா அதைச் செய்யவில்லை. முடிக்காமலே இரண்டாம் பகுதிக்குள் வழுக்கிப் போகிறார். மூன்று பகுதிகளும் இடைவெளியின்றி ஓடுகின்றன.

இரண்டாம் பகுதியான ரோமான்ஸ்தான் இந்தப் படைப்பின் உயிர். இங்கே இசைக்குழு மௌனமாகிவிடுகிறது. முதலில் பியானோ மட்டும், பிறகு ஒரே ஒரு செல்லோ வந்து சேர்கிறது. இதை ஒரு சிறுமியின் காதல் கனவு என்று கேட்பது எளிது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒரு கூட்டத்துக்கு எதிரே தனியாளை நிறுத்தும் வடிவத்தில், கூட்டத்தைப் பேசாமல் இருக்கச் சொல்லி, அதிலிருந்து ஒருவரை மட்டும் உரையாட அழைக்கும் முடிவு அது. இசை எழுதுபவர் எடுக்கும் முடிவு. ராபர்ட் தன் ஏ மைனர் கான்சர்டோவின் நடுப்பகுதியில் செல்லோக்களைப் பாடவைத்தார். கிளாராவின் நெடுநாள் நண்பரான பிராம்ஸ், 1881இல் அரங்கேறிய தன் இரண்டாம் பியானோ கான்சர்டோவின் மூன்றாம் பகுதியைத் தனிச் செல்லோவிடம் ஒப்படைத்தார். அவர்களிடம் இதை மேதைமை என்கிறோம். அவர்களுக்கு முன்பே இதைச் செய்த பதினாறு வயதுப் பெண்ணிடம் ஏக்கம் என்கிறோம்.

குறைகளும் உண்டு. கடைசிப் பகுதி மற்ற இரண்டின் அளவுக்குப் பொருந்தாமல் நீள்கிறது. போலோனேஸ் நடனத்தின் மிடுக்கு முதலில் ஈர்க்கிறது. பிறகு விரல் வித்தை இசையை மூடிவிடுகிறது. அந்த இடங்களில் இசைக்குழுவுக்குப் பெரிய வேலை இல்லை. இந்தப் பகுதிதான் முதலில், தனிப் படைப்பாக எழுதப்பட்டது. அதன் இசைக்குழு அமைப்பில் ராபர்ட் கைகொடுத்தார். இந்த உதவியைச் சுட்டிக்காட்டியே முழுப் படைப்பையும் சந்தேகிப்பவர்கள், 19, 20 வயதில் ஷோபன் எழுதிய இரண்டு கான்சர்டோக்களிலும் இசைக்குழு மெலிந்திருப்பதை அறிந்தவர்கள்தான். அந்த மெலிவு ஷோபனை எந்த மேடையிலிருந்தும் இறக்கவில்லை.

1839இல், இருபது வயதில், தனக்குப் படைப்புத் திறன் இருக்கிறது என்ற நம்பிக்கையையே கைவிட்டுவிட்டதாகவும் பெண் இசை எழுத ஆசைப்படக்கூடாது என்றும் நாட்குறிப்பில் எழுதினார் கிளாரா. அதற்கு முன்பே அவர் காதில் விழுந்திருந்த மரியாதைகளைச் சேர்த்துத்தான் அந்த வரியைப் படிக்க வேண்டும். அடுத்த ஆண்டு ராபர்ட்டுடன் திருமணம். எட்டுப் பிள்ளைகள். ராபர்ட் இசை எழுதும் நேரங்களில் சத்தம் கேட்கும் என்பதால் பியானோ பயிற்சியே செய்ய முடியாத வீடு. 1845இல் டிரெஸ்டனில் ராபர்ட்டின் கான்சர்டோவை முதன்முதலில் வாசித்து உலகுக்குக் கொடுத்தவர் கிளாரா. தன்னுடைய இரண்டாவது கான்சர்டோவை 1847இல் தொடங்கினார். அது துண்டாகவே நின்றுபோயிற்று. கணவர் 1856இல் இறந்த பின் குடும்பத்தைத் தாங்கியது அவருடைய கச்சேரி வருமானம். இசை எழுதுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பின்னாளில் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் வந்தது.

இந்த கான்சர்டோ இப்போது மேடைகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மகளிர் தினச் சிறப்பு நிகழ்ச்சியில், 13 வயதில் எழுதியது, ஷூமனின் மனைவி என்ற குறிப்புகளோடு அது வரும்போது, 1837இன் மரியாதை உடை மாற்றி வந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒரு சாதாரண வியாழக்கிழமை மாலையில், மெண்டல்சனின் துவக்க இசைக்கும் பிராம்ஸின் சிம்பொனிக்கும் நடுவில் அதை வாசியுங்கள். மறுநாள் விமர்சகர் வந்து, கடைசிப் பகுதி நீளம் என்று எழுதட்டும். ரோமான்ஸில் செல்லோ சரியாக இழையவில்லை என்று சண்டை போடட்டும். நாற்பதாவது முறை கேட்டுச் சலித்துவிட்டது என்றுகூட ஒருவர் எழுதலாம். சலிக்கும் அளவுக்கு ஷோபனைக் கேட்டிருக்கிறோம். கிளாராவை இன்னும் கேட்கவில்லை.