மன்றோவின் கணக்கும் நம்ம ஊர் மிட்டாவும்

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு கிரயப் பத்திரம் கிடைத்தது. ஊர்ப் பெயரோடு சேர்த்து "மிட்டா" என்று எழுதியிருந்தது. சேலம், நாமக்கல் பக்கத்துக்காரங்களுக்கு இது காதில் விழுந்த சொல்தான். மிட்டாதார் வீடு, மிட்டாதார் தோட்டம் என்று பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்போம். ஆனா அது எப்போ வந்தது, எப்படிப் போனது என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சொல்லின் பின்னாடி போனதில், பர்ட்டன் ஸ்டைன் 1989 இல் தாமஸ் மன்றோவைப் பற்றி எழுதிய நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது என்ன, எங்கே ஒத்துப்போக முடியவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் அமெரிக்க, பிரெஞ்சுப் படைகளிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ். அந்தத் தோல்வியோடு ஒரு புது தேசம் பிறப்பது உறுதியாயிற்று. அதே கார்ன்வாலிஸ் அடுத்த சில வருஷங்களில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வருகிறார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தானிடமிருந்து பாதி ராஜ்யத்தை எழுதி வாங்குகிறார். அப்படிக் கைமாறியதில் பாரமகாலும் உண்டு, அதற்குத் தெற்கே இருக்கும் நம்ம சேலம், நாமக்கல், திருச்செங்கோடு சமவெளியும் உண்டு. அங்கே விட்டதை இங்கே பிடித்தார்கள் என்று மேடையில் பேசுவதற்கு நல்லா இருக்கும். ஆனா பிடித்ததை வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் கம்பெனிக்கு நிஜமான பிரச்சினை. ஸ்டைனின் நூல் கவனிப்பது அதைத்தான்.

புது நாட்டை நிர்வாகம் பண்ண கார்ன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. ஊர் மொழி தெரிந்த ராணுவ அதிகாரி அலெக்சாண்டர் ரீடை நியமித்தார். அவருக்கு உதவியாளர்கள் மூன்று பேர்: மன்றோ, கிரகாம், மெக்லியோட். வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, சாகுபடி செய்கிறவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறைக்கு இங்கேதான் வெள்ளோட்டம் நடந்தது. பின்னாடி சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி இதுதான். சென்னைத் தீவுத்திடலில் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ, 1792 முதல் 1799 வரை தருமபுரியில் தொழில் கற்றுக்கொண்ட இளைஞர்.

ஸ்டைன் செய்த பெரிய வேலை, "ரயத்துகளின் தந்தை" என்ற அந்தச் சிலையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. ரயத்துவாரியை வெறும் வரி முறையாக அவர் பார்க்கவில்லை. இடையில் இருந்த பாளையக்காரர்கள், ஊர்ப் பெரிய குடும்பங்கள் ஆகியோரின் பிடியைத் தளர்த்தி, குடியானவன் முன்னால் அரசாங்கம் ஒன்றே நிற்கும்படி செய்த அரசியல் வேலையாகப் பார்க்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: இதற்கான பாதையைப் போட்டுக் கொடுத்தது மைசூர். படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு நேரடி வசூல் வேண்டும், அதற்கு இடைத்தட்டை ஒழிக்கணும் என்று ஹைதரும் திப்புவும் ஆரம்பித்ததைக் கம்பெனி தொடர்ந்தது. திப்புவை அழித்தவர்கள் திப்புவின் வேலையைத்தான் செய்து முடித்தார்கள் என்பது இந்த வாதத்தின் சாரம். பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கும் நம்மவர், அந்நியர் என்ற கோட்டை இது குழப்பிவிடும். அந்தக் குழப்பம் நல்லதுதான்.

இனி என் குறைகள். முதலாவது, நூல் முழுக்க மன்றோவின் மேஜையிலிருந்தே ஊரைப் பார்க்கிறது. பாரமகால் அவர் படித்த பள்ளிக்கூடம் மாதிரி வந்துவிட்டுப் போகிறது. 1799 இல் அவர் கனராவுக்குக் கிளம்பினதும் கதையும் அவரோடு கிளம்பிவிடுகிறது. நம்ம தெற்குச் சமவெளியைப் பார்த்துக்கொண்ட மெக்லியோடுக்குக் கிடைப்பது ஓரமான இடம். ஆனா சேலத்துக்கு நிஜமான அடி விழுந்தது மன்றோ போன பிறகுதான். வங்காளத்தில் 1793 இல் கொண்டுவந்த நிரந்தர ஜமீன் ஏற்பாட்டை இங்கேயும் கொண்டுவரணும் என்று மேலிடம் முடிவெடுத்தது. அளந்து முடித்த ஊர்களைத் துண்டு துண்டாகக் கட்டி, 1800களின் தொடக்கத்தில் ஏலம் போட்டார்கள். அந்தத் துண்டுகள்தான் மிட்டாக்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார். தீர்வை கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் திரும்ப அரசாங்கத்துக்கே வந்தன, சில நிலைத்து நின்றன. இரண்டு முறையும் ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நடந்தது என்றால், ரயத்துவாரி நல்லதா என்று சோதிக்க இதைவிட நல்ல இடம் உண்டா? ஒரு சமூக வரலாற்றாசிரியர் இங்கே நின்றிருக்கணும். ஸ்டைன் நிற்கவில்லை.

இரண்டாவது குறை, குடியானவன் இந்த நூலில் கணக்கில் ஒரு வரியாக மட்டும் இருக்கிறான். அவன் கையிலும் ஒரு ஆயுதம் இருந்தது. தீர்வை கட்டுப்படியாகவில்லை என்றால் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விடுவான். வருஷா வருஷம் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் உருவானதில் இதற்கும் பங்கு உண்டு. நிலம் தாராளமாகவும் ஆள் குறைவாகவும் இருந்தவரைக்கும்தான் அந்த ஆயுதம் செல்லும். 1876-78 பஞ்சத்தில் அது முழுசாக உடைந்தது. சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.67 லட்சம். 1881 இல் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். "தந்தை" உருவாக்கிய முறையை எடைபோடும்போது இந்த இரண்டு எண்களையும் தராசில் வைக்காமல் முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். திப்புவிலிருந்து கம்பெனிக்குத் தொடர்ச்சி இருக்கிறது என்றால், கம்பெனியிலிருந்து சுதந்திர இந்தியாவுக்கும் அப்படியே நீட்டிவிடலாமா? நீட்ட ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஜமாபந்தி இன்றும் நடக்கிறது, பசலி ஆண்டு ஜூலையில் பிறக்கிறது, பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் ஒரு வேலையும் ஆகாது. மிட்டாக்களை ஒழித்த 1948 ஆம் வருஷச் சட்டத்தின் பெயரையே பாருங்க: சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றுதல் சட்டம். விடுதலை கிடைத்த அடுத்த வருஷம், ஏகாதிபத்தியத்தின் ஒரு மிச்சத்தை ஒழிக்கப் புது தேசம் எடுத்தது ஏகாதிபத்தியத்தின் இன்னொரு கருவியை. எங்க வீட்டுப் பத்திரத்தில் இருந்த சொல்லுக்கும் முடிவு கட்டியது அந்தச் சட்டம்தான்.

ஆனா அவ்வளவுதான் என்று முடித்தால் அது சோம்பேறித்தனம். இதே சேலத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. இங்கே வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925 இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து "விமோசனம்" என்று பத்திரிகை நடத்தினார், கல்கி கூட இருந்து வேலை செய்தார். 1937 இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 ஆம் தேதி முதல் மதுவிலக்கை அமலாக்க அவர் தேர்ந்தெடுத்த ஜில்லா சேலம். கள், சாராய வருமானம் அந்த நாள் கஜானாவில் பெரிய வரி. மன்றோ பள்ளியின் நிர்வாகி யாரும் தானாக அதை அடிக்க மாட்டார். ராஜாஜி அடித்தார். அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939 இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நடைமுறைப்படுத்தியது அதே கலெக்டர், அதே போலீஸ். ஆனா கணக்கிடம் கேட்ட கேள்வி வேறு.

இதைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. மரம் ஏறிப் பிழைத்தவர்களின் அடுப்பு அணைந்தது உண்மை. அதே மந்திரிசபைதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்: கைக்கு வந்த வருமானத்தை, பலத்தை, ஒரு அரசு தானாக விட்டுக்கொடுக்குமா என்பதுதான் பழைய ஆட்சியையும் புது ஆட்சியையும் பிரித்துக்காட்டும் இடம். 1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். கார்ன்வாலிஸைத் தோற்கடித்துப் பிறந்த தேசம் அப்போது உலகத்தின் பெரிய வல்லரசு. சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்த கிழவர் அவர்களிடம் கேட்டதும் அதே கேள்விதான்: கையில் இருக்கும் பலத்தில் கொஞ்சம் விடுவீர்களா? அடுத்த வருஷம் வந்த பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு இந்தச் சந்திப்பு காரணம் என்று சொல்ல முடியாது. 1974 இல் இந்தியாவே பொக்ரானில் வெடித்தது.

மதுவிலக்கும் நிற்கவில்லை. 1971 இல் தமிழ்நாட்டில் தளர்த்தினார்கள். 2003 முதல் சில்லறை மது விற்பனையே அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். அதனால் ஸ்டைன் இன்றைக்கு இருந்தால், "நான் சொன்ன தொடர்ச்சி சரிதானே" என்று கேட்கலாம். பாதி சரி என்றுதான் சொல்வேன். கணக்குப் புத்தகம் ஜெயித்த வருஷங்கள் நிறைய. ஆனா 1937 என்று ஒரு வருஷமும் அதில் இருக்கிறது, அதுவும் இதே சேலம் ஜில்லாவில். மன்றோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வருஷத்தை விளக்க முடியாது.

நூலைப் படிக்காதவங்க கட்டாயம் படிங்க. உங்க வீட்டுப் பழைய பத்திரத்தில் மிட்டா பெயர் இருந்தால் அதையும் பத்திரப்படுத்தி வையுங்க. ஸ்டைன் எழுதாமல் விட்ட அத்தியாயத்துக்கு அதுதான் ஆதாரம்.