சமையலறையில் நின்றவள்

உயர்தர உணவகத்தில் பிறந்தநாள் கொண்டாடுவோர் விலைப்பட்டியலைப் பார்ப்பர், அடுப்படியைப் பார்ப்பதில்லை. காப்ரியேல் ஆக்ஸெல் 1987-இல் இயக்கிய 'பாபெத்தின் விருந்து' என்னும் டென்மார்க்குத் திரைப்படம் நம்மை அவ்வடுப்படிக்கே அழைத்துச் செல்கிறது.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், மறைந்த போதகரின் நூறாவது பிறந்தநாள் வருகிறது. 1871-இல் பாரிசுக் கலவரத்திற்குத் தப்பிவந்து, அவருடைய புதல்வியர் இருவருக்கும் சமைத்துவரும் பாபெத், பரிசுச்சீட்டில் கிடைத்த 10,000 பிராங்கு முழுவதையும் அவ்விருந்திற்கே செலவிடுகிறாள். உணவைப் பற்றி வாய்திறப்பதில்லை என்ற உறுதியோடு அமர்ந்த ஊரார், உண்ண உண்ணப் பழம்பகை மறந்து ஒப்புரவாகின்றனர். படைத்தளபதி ஒருவர் மட்டுமே, பாரிசின் புகழ்பெற்ற 'கஃபே ஆங்கிலே' உணவகத்தில் தாம் முன்னர் உண்ட சுவையை இனங்காண்கிறார். அங்கே தலைமைச் சமையற்கலைஞராய் இருந்தவளே பாபெத்! அவ்வுணவகத்தில் பன்னிருவர் உண்ணும் விருந்தின் விலையும் அதே 10,000 பிராங்குதான்.

இதனைத் தியாகக் கதை என்போர் உளர், நான் உடன்படேன். சகோதரியருக்காக மட்டும் செய்யவில்லை என அவளே மறுக்கிறாள். தன் திறன் முழுவதையும் ஈந்த கலைஞரின் மகிழ்ச்சி அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரையில் இப்படத்தைச் சுட்டியதும், பிறரை மகிழ்விப்பதில் விளையும் மகிழ்வை உணர்த்தவே.

இறுதியில் சகோதரியருள் ஒருத்தி பாபெத்தை ஆரத் தழுவுகிறாள். உணவகத்தில் விலை செலுத்தி எழும் நாம் செலுத்த மறப்பது அந்த நன்றியைத்தான்.