குவாதலூப்: ஓர் ஊரை ஐந்து துண்டாக்கும் பட்டியல்கள்

குவாதலூப் போகும் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்படும் 'பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை' கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படிக்கிறேன். கரீபியன் கடலில், பிரான்சின் ஆட்சியில் இருக்கும் தீவு இது. எதை எடுத்தாலும் தலைப்புகள் ஒன்றுதான்: இயற்கை, வரலாறு, உணவு, பானம், பண்பாடு. 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை, கடற்கரை, ரம், கொலொம்போ கறி. கடைசியில் வண்ணமயமான ஓர் இந்துக் கோயில்.

சரி, இதுல என்ன தப்பு? தகவல் எதுவும் பொய்யில்லை. அடுக்கிய விதம்தான் பிரச்சினை.

கப்பெஸ்தெர் என்ற ஒரே ஊரை எடுத்துக்கொள்வோம். 110 மீட்டர் விழும் கார்பே அருவி அந்த ஊர் எல்லைக்குள் இருக்கிறது, அது 'இயற்கை'. 1493-இல் கொலம்பஸ் இறங்கிய நினைவுச்சின்னம் 'வரலாறு'. லோங்கெத்தோ ரம் ஆலை 'பானம்'. சாங்ஷி மாரியம்மன் கோயில் 'பண்பாடு'. தட்டில் வரும் கொலொம்போ 'உணவு'. நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஐந்து டேபிள் இருக்கிறது, அவற்றை இணைக்கும் கீ இல்லை.

அந்தக் கீ, கரும்பு. 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையானவர்களில் பலர் பழைய முதலாளியின் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். 1854 டிசம்பரில் ஒரெலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்கியது. 1880களின் இறுதிவரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள் அதில் ஏராளம். ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆனால் ஊர் திரும்பியவர்கள் சிறுபான்மைதான்.

ரம் ஆலையும் கோயிலும் இரண்டு தலைப்பில் வர வேண்டியவை அல்ல என்பது இதை வைத்துப் பார்த்தால்தான் புரியும். கரும்பு இல்லாவிட்டால் அங்கே மாரியம்மன் இல்லை. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு அரைத்த கொலொம்போவும் இல்லை. அந்தப் பெயர் இலங்கையின் கொழும்பிலிருந்து வந்ததாகப் பல கையேடுகள் எழுதுகின்றன. நம் காதுக்கு அது 'குழம்பு' என்றுதான் கேட்கிறது. அப்படிச் சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு.

தமிழில் எழுதப்படும் பதிவுகள் மட்டும் ஒழுங்கா? அங்கே வேறொரு குறை. 'கரீபியனிலும் தமிழன்!' என்று ஒரு கைதட்டல், அதோடு முடிந்தது. மாரியம்மன் அங்கே 'மாலியெமின்', மதுரைவீரன் 'மல்தேவிலின்'. பூசாரி உண்டு, தப்பு உண்டு, கிடா வெட்டு உண்டு. பேச்சுமொழியாகத் தமிழ் மட்டும் இல்லை. சடங்குப் பாட்டுகளைப் பொருள் தெரியாமலே மனப்பாடமாகப் பாடுகிறவர்கள் பலர். இது பெருமையா, இழப்பா? இரண்டும்தான். ஒன்றை மட்டும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

இரு தரப்பு எழுத்திலும் அரிதாகவே வரும் பெயர் ஹென்றி சிதம்பரம். 1863-இல் அதே கப்பெஸ்தெரில் பிறந்தவர். அந்த மண்ணில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் கேட்டு 1904 முதல் 1923 வரை போராடி வென்றார். பார்க்க வேண்டிய இடம் என்றால் இவர் பிறந்த ஊர் முதலில் வர வேண்டாமா?

நம்ம புதுக்கோட்டைப் பட்டியல்களும் இதே வார்ப்புதான். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் 'கட்டடக்கலை'. அதே ஊர் முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழா 'விழாக்கள்'. மலைக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே ஊர் என்பது படிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

என் யோசனை எளிது. தலைப்பு வாரியாக வேண்டாம், ஊர் வாரியாக எழுதுங்கள். கப்பெஸ்தெருக்கு ஒரு நாள்: காலையில் கரும்புக் காடும் ஆலையும், பிறகு கோயில், மதியம் கொலொம்போ, சாயங்காலம் அருவி. இடங்கள் அதேதான், ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது அந்தக் குழம்பு எப்படி அங்கே வந்தது என்று பயணிக்குத் தெரிந்திருக்கும்.